சேத்து சாரும் பூ வைக்கக் கூடாத பிள்ளையாரும்

நான் ஐந்தாவதோடு நின்றவள். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். சேற்றை அவ்வளவு ஆசையாகப் பார்த்த ஜீவன் இந்தச் சித்தூர் ஜில்லாவிலேயே இன்னொன்று கிடையாது. எருமைகூட அவருக்குப் பிறகுதான்.

அவர் பெயரை ஊரில் யாரும் கேட்டதில்லை. சேத்து சார், அவ்வளவுதான். திருப்பதிக் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவர். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் எங்கள் ஊர். எங்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் வந்து தங்கினார். நான் அப்போது புது மருமகள்.

எங்கள் ஏரி நடுவில் ஒரு திட்டு உண்டு. அதில் வேலமரமும் கொக்கும் தவிர ஒன்றும் கிடையாது. அவர் அதைத் தீவு என்பார். அந்தத் தீவில் ஆதியில் என்னென்ன மரம் இருந்தது என்று கண்டுபிடிக்க வந்தாராம். பூவிலிருந்து உதிரும் தூள் காற்றில் பறந்து ஏரியில் விழுமாம், சேற்றோடு அமிழுமாம், எத்தனை காலமானாலும் மக்காதாம். மேல் சேற்றில் இந்தக் காலத்துப் பூ, அடிச் சேற்றில் ராஜா காலத்துப் பூ. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எந்த மரத்துத் தூள் என்று தெரிந்துவிடுமாம். இதைக் கேட்டுவிட்டு என் மாமனார் அவர் அறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க இப்போதைய பூந்தூளும் வேண்டுமே. கண்ட பூவையெல்லாம் காகிதத்தில் உதறித் தீப்பெட்டியில் அடைத்துக்கொள்வார். வேலிப்பூ, வரப்புப்பூ என்று இருந்தவரை பரவாயில்லை. ஒருநாள் கிணற்றடியில் நின்ற பெண்ணிடம், தலையில் இருக்கிற பூவைக் கொடுங்கள், தூளை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கேட்டுவிட்டார். சாயங்காலமே அவளுடைய அண்ணன்மார் கம்போடு வந்தார்கள். அவர்களையும் உட்காரவைத்துக் கனகாம்பரத் தூளைக் கண்ணாடியில் காட்டினார். நாளைக்குப் பூசணிப்பூ கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பை மறந்துவிட்டார்கள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் யாருக்கு என்று இழுபறியாக இருந்த சமயம் அது. ஒரு கட்சிக்காரர் வந்து, தீவில் இருந்தது தமிழ் மரமா, தெலுங்கு மரமா என்று எழுதித்தரச் சொன்னார்.

"இருங்கண்ணா, மரம் இன்னும் வாயத் தொறக்கல" என்றார் சேத்து சார்.

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை. அவருடைய அப்பாவுக்குப் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி. ஆவணி முடிவதற்குள் சேற்றோடு வந்து சேராவிட்டால் ஆராய்ச்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஆயுசுக்கும் மாங்காய்தான். அதனால் ஏரி வற்றியிருந்தபோதே திட்டோரத்தில் இரும்புக்குழாயை இறக்கி, சேற்றை நீளநீளமாக உருவி, பிளந்த மூங்கிலில் மேலிருந்து அடிவரை வரிசை மாறாமல் கிடத்தி, ஈரத்துணி சுற்றிக் கொட்டகை நிழலில் வைத்தார். பிறகு மழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டது. அடுத்த கோடைவரை இனி ஒரு பிடி கிடைக்காது.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள், சேற்றை எடுத்துப்போகப் பெட்டி வாங்கப் புத்தூருக்குப் போனார். திரும்பி வந்தால் மூங்கில் காலி. கூடத்து மணைமேல் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

என் மாமியாரை, அதாவது அத்தையை, குற்றம் சொல்ல முடியாது. "சதுர்த்திக்கு மொத நாளு ஏரி மண்ண ஈரத்துணி சுத்தி நெழல்ல வெச்சிருந்தா வேற எதுக்குன்னு நெனைப்பாங்க நைனா? ஒரு கல்லு இல்ல, தூசி இல்ல. உன்னத்தான் மெச்சிக்கினு இருந்தேன்."

சேத்து சார் தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று பார்த்தோம். திடீரென்று எழுந்து பிள்ளையாரைச் சுற்றிச்சுற்றி வந்தார். அத்தை ஒரு முனையிலிருந்து எடுத்து வரிசையாகப் பிடித்துக்கொண்டே போயிருந்தார். மேல் சேறு மஞ்சளாகப் பீடத்தில், நடுச் சேறு சாம்பலாகத் தொந்தியில், அடிச் சேறு கன்னங்கரேலென்று தலையில். எல்லாம் தலைகீழ், ஆனால் வரிசை கலையவில்லை.

கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். கண் வைத்தாயிற்று, இனிமேல் அவர் சாமி, மூன்றாம் நாள் கரைக்கிறவரைக்கும் தொடக்கூடாது என்றுவிட்டார் அத்தை.

"அப்போ பூ மட்டும் வெக்காதீங்கம்மா. புதுத் தூளு விழுந்தா எல்லாம் போச்சு."

"பூவில்லாம பூசையா? உங்க ஊர்ல அப்பிடித்தான் பண்றாங்களா?"

கடைசியில் எருக்கம்பூ மாலை ஒரு தட்டில், பிள்ளையாருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நடுவில் விசிறியோடு சேத்து சார் காவல் இருந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. இந்த வயசில் இப்படி ஒரு பக்தியா என்று ஊரே கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்தது. ஒருத்தி வயிற்றுவலிப் பிள்ளையைத் தூக்கிவந்து விபூதி போடச் சொன்னாள். தூள் பறக்கும் என்று மறுத்துவிட்டார். பிள்ளைக்கு வலி நின்றுவிட்டதால் அதுவும் மகிமையில் சேர்ந்தது.

மூன்றாம் நாள் வந்தது. கரைக்காமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தை மணையைத் தூக்கப் போனார்.

"நானும் கரைக்கத்தாம்மா போறேன்" என்றார் சேத்து சார். "திருப்பதியில, கண்ணாடிக் கிண்ணத்துல, கொஞ்சம் கொஞ்சமா. கரைச்சாத்தான் தூளு தனியா வரும்."

அத்தை யோசித்தார். மாமனார் வாயைத் திறந்தார். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"கரைக்கிறதுதானே. ஏரின்னா இன்னா, கிண்ணம்னா இன்னா? ஆனா முழுசாக் கரைச்சிடணும் நைனா. கை, காலு எதையும் மிச்சம் வெக்கக் கூடாது."

பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உள்ளே இருந்த பெண்கள் பார்த்ததும் தலையிலிருந்து பூவைக் கிள்ளிப் போட வந்தார்கள். "பூ வேணாம், பூ வேணாம்" என்று அவர் போட்ட கூச்சல் பஸ் திரும்பும்வரை கேட்டது.

அடுத்த வைகாசியில் ஒரு கூடை மாம்பழமில்லாமல், வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டே வந்தார். அப்போதே மண்டியிலிருந்து தப்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டோம். தலையில் இலுப்பையும் மூங்கிலும் இருந்ததாம். தொந்தியில் திடீரென்று புல் ஜாதி, நெல்லாக இருக்கலாமாம். பீடத்தில் வேலமரம்.

"தொந்தியில நெல்லு இல்லாம வேற இன்னா இருக்கும்? இதுக்கா இம்மா நாளு?" என்றார் அத்தை.

கட்சிக்காரரும் வந்தார். "தமிழ்ல இலுப்பைங்கறோம், தெலுங்குல 'இப்ப'ங்கறாங்க. தூளு ஒண்ணுதாண்ணா" என்றார் சேத்து சார். அன்றோடு இரண்டு கட்சிக்கும் வேண்டாதவரானார்.

பிறகு எல்லை முடிவாயிற்று, நாங்கள் ஆந்திரா பக்கமே இருந்துவிட்டோம். அவர் வடக்கே எங்கேயோ வேலைக்குப் போனார், வரவில்லை. ஆனால் சதுர்த்திக்கு மண் பிசையும்போதெல்லாம் அத்தை ஒரு பிடியைத் தனியாக எடுத்து, பூவும் குங்குமமும் படாமல் ஈரத்துணி சுற்றி வைப்பார். திடீரென்று வந்து நின்றால் என்னத்தைக் கொடுப்பது என்பார். அத்தைக்குப் பிறகு நான் வைக்கிறேன்.

அவர் சொன்னது மூங்கிலா, மருதமா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. யாராவது அவரைத் தெரிந்தவர்கள் கேட்டுச் சரிபார்த்து எழுதுங்கள். இந்த வருஷத்து மண்ணிலும் பூ படவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.