பத்துப் பேருக்குப் பிடித்திருந்தால் பாடம் நடக்கும்

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் தினமும் அப்பாவிடம் அரை மணி நேரம் போனில் பேசும் தெம்பு உங்களுக்கு இருக்காது. போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "புரியுது, புரியுது" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. அதனால்தான்.

பொருளாதாரத்தில் இரண்டாம் ஆண்டு வந்தால் விருப்பப் பாடங்கள் இரண்டு எடுக்க வேண்டும். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளர், ஆகவே எல்லாம் அறிந்தவர் என்ற முறையில் உங்களைக் கேட்டேன். "உனக்கு எது பிடிக்குதோ அதை எடும்மா. பிடிச்சதைப் படிச்சா மத்ததெல்லாம் தானா வரும்" என்றீர்கள். நான் நம்பினேன். இருபது வயதில் இதைவிடப் பெரிய முட்டாள்தனமெல்லாம் செய்கிறார்கள் என்று இப்போது என்னை நானே தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது 'வீட்டு உழைப்பின் பொருளாதாரம்' என்ற பாடம். ஏன் பிடித்தது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தை அப்பாதான் நிரப்பினார். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். அந்த நேரத்தில் அம்மா அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், அடுப்பில் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது, குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எனக்கு அந்த 'இல்லை' எப்படி 'இல்லை' ஆனது என்று தெரிய வேண்டும். ஒரு நாட்டின் வருமானத்தைக் கூட்டுகிறவர்கள் அதையெல்லாம் எந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள், யார் முதலில் விடச் சொன்னது, அவர் சாப்பாட்டை யார் சமைத்தது என்று தெரிய வேண்டும். இதை உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். "அதுக்கு எதுக்கும்மா யுனிவர்சிட்டி? உங்க சித்தி பக்கத்துல ஒரு வாரம் நின்னா போதும்" என்றீர்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். நீங்கள் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா சித்தப்பா என்று கேட்க அப்போது வாய் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

பாடத் தேர்வுக்கு எங்களுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. எதைக் கேட்டாலும் "சராசரியா பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் அவர் பெயரே சராசரி ஆகிவிட்டது. என் ஆர்வத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். பேசினேன். நான் பேசும்போது அவர் மேசை மேல், மேசைக்கடியில், பையில் என்று மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், கண்ணாடி நெற்றியில் இருந்தது, சொல்வதா வேண்டாமா என்ற தவிப்பில் எனக்குப் பேச்சில் பாதி போய்விட்டது. கடைசியில் அவர், "சராசரியா பார்த்தா இந்த மாதிரி ஆர்வம் ஒரு செமஸ்டர்ல சரியாயிடும்" என்றார், காய்ச்சலைச் சொல்வது போல. பிறகு விதியைச் சொன்னார். எந்த விருப்பப் பாடமும் பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும். சேராவிட்டால் மூடிவிடுவார்கள். மூடிய பாடத்துக்காரர்களை எல்லாம் 'காப்பீடும் இடரும்' என்ற பாடத்தில் போட்டுவிடுவார்கள். அது மூடப்பட்டதே கிடையாது. மிச்சமாகிறவர்களைக் கொட்டுகிற இடம் என்பதால் நாங்கள் அதைக் கிடங்கு என்கிறோம். உங்கள் தொழிலைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அல்லது எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தால் மட்டும் போதாது, இன்னும் ஒன்பது பேருக்குப் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஒன்பது பேரைத் தேடிப் போனேன். எல்லாரும் எனக்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். பந்து என்று ஒருவன் இருக்கிறான், கால்பந்தைத் தவிர உலகில் வேறெதுவும் உருண்டை இல்லை என்று நினைப்பவன், அவனுக்கு விளையாட்டுத் துறைப் பொருளாதாரம் வேண்டும். தாத்தா என்று ஒருவன், எங்கள் வயதுதான், ஆனால் பேச்சு பென்ஷன் வாங்குகிறவர் பேச்சு, அவனுக்குப் பொருளாதாரச் சிந்தனை வரலாறு வேண்டும். (எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை.) முதல் வாரம் யாரும் எத்தனை பாடத்தில் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து உட்கார்ந்து பார்க்கலாம், வெள்ளிக்கிழமைக்குள் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்து விலக வேண்டும். ஆகவே பேரம் தொடங்கியது. நீ என் பாடத்துக்கு வா, நான் உன் பாடத்துக்கு வருகிறேன். கடைசி வரை இருக்கணும், ஓடக் கூடாது. சத்தியமாக இருப்பேன். கேண்டீனில் டீ ஆறிப்போகும் வரை சத்தியம் வாங்கினோம். ஆளுக்கொரு ஆர்வத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் எல்லாருடைய பாடத்திலும் பெயர் கொடுத்தோம். என் பாடத்தில் பதினாலு பேர். துறையில் அந்தப் பாடத்துக்கு அவ்வளவு பெயர் விழுந்ததே இல்லை என்று அலுவலக எழுத்தரே சொன்னார்.

முதல் வகுப்பு நடந்தது. நடத்துகிற மேடம் பகுதிநேரம், மூன்று கல்லூரிகளுக்கு ஒரே தோள்பையோடு ஓடுகிறவர், வகுப்பு நடந்தால்தான் சம்பளம். வந்ததும் வராததுமாக, "இன்னைக்குக் காலையில நீங்க குடிச்ச டீயை யார் போட்டது?" என்று கேட்டார். அம்மா, அக்கா, பாட்டி, ஹாஸ்டல் என்று பதில் வந்தது. "அதுக்கு நீங்க என்ன கொடுத்தீங்க?" வகுப்பே யோசித்தது. பந்து மட்டும் எழுந்து, "டம்ளரை" என்றான். அன்று சிரித்தது போல நான் எந்த வகுப்பிலும் சிரித்ததில்லை. மேடம் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'டம்ளர்' என்று எழுதி அடிக்கோடு போட்டு, அங்கிருந்து பாடத்தை ஆரம்பித்தார். சித்தப்பா, நான் அந்த ஒரு மணி நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பிடித்தது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம். எனக்கு என் பாடம் ஒன்று. இன்னொன்று, சத்தியப்படி, பந்துவின் பாடமாக இருக்க வேண்டும். ஆனால் அதிலும் பதினாலு பேர் இருந்தார்கள், வேண்டியது பத்து, நான் ஒருத்தி போனால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன். கிடங்கில் தேர்வு சுலபம், மதிப்பெண் அள்ளலாம், ஆகவே இரண்டாவதாக அதை வைத்துக்கொண்டு மற்றதிலிருந்தெல்லாம் சத்தமில்லாமல் விலகினேன். பந்துவும் அப்படியே நினைத்தான். தாத்தாவும் அப்படியே நினைத்தான். எல்லாரும் அவரவர் பாடத்தையும் கிடங்கையும் வைத்துக்கொண்டார்கள். கேட்டால் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடுமே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் பார்த்தால் என் பாடத்தில் ஒரே ஒரு பெயர், என்னுடையது. எல்லாப் பாடமும் அப்படித்தான், ஒவ்வொன்றிலும் ஒருவர், காலியான பேருந்தில் ஏறி உட்கார்ந்தவர் மாதிரி. கிடங்கில் வகுப்பு கொள்ளவில்லை, பக்கத்து அறையிலிருந்து பெஞ்சு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தனித்தனியாக எல்லாரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டால் மொத்தமாக எப்படி நாசமாகப் போவார்கள் என்பது முதலாண்டுத் தேர்வில் வந்த கேள்வி. எங்களில் எல்லாருக்குமே அதில் முழு மதிப்பெண். சராசரி சார் பலகையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லாப் புரிஞ்சுதான் படிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் ஆசிரியர் அறையில் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். மேசை அவருடையதில்லை, இழுப்பறை மட்டும்தான். நான் போய் நின்றேன். அத்தனை பேரையும் கூட்டி வந்தது நான்தான் என்று உளறினேன். "தெரியும். இத்தனை வருஷத்துல இந்தப் பாடத்துக்காக யாரும் யாரையும் போய்க் கெஞ்சினதில்ல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. அன்று சாயங்காலம் நீங்கள் அப்பாவுக்குப் போன் செய்தீர்கள். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓட்டி அப்பாவுக்குக் காது மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார் என்பது உங்களுக்கு ஏன் ஞாபகம் வருவதே இல்லை என்று தெரியவில்லை. "நல்லதாப் போச்சுண்ணா. சின்னப் புள்ள ஆசைக்கு ஒண்ணு சொல்லி வச்சேன். இனி தானா நம்ம வழிக்கு வந்துடுவா. இன்சூரன்ஸை முடிக்கட்டும், என் ஆபீஸ்லயே உட்கார வச்சிடறேன்" என்றீர்கள். நான் கூடத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும். இருவரும் ஒரே போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தோம். அம்மா தன் முனையைக் கீழே விடவில்லை. போனை வைத்த பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "பிடிச்சதை எடுத்தே, மூடிட்டாங்க. பிடிக்காததை எடு, அதை மூடமாட்டாங்க" என்றார். கோபமாக இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். அவர் எந்த வேலையைப் பிடித்துச் செய்தார் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே உங்களுக்குத் தெளிவாக எழுதுகிறேன். கிடங்குக்கு நான் போகப் போவதில்லை. இந்த செமஸ்டரில் இரண்டு பாடம் குறைந்தால் குறையட்டும், படிப்பு ஒரு வருடம் நீண்டால் நீளட்டும். உங்கள் ஆபீஸில் எனக்காக எந்த நாற்காலியையும் துடைத்து வைக்க வேண்டாம். இனி யாராவது உங்களிடம் என்ன படிக்கலாம் என்று கேட்டால், மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்ததை எடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சித்திக்கு என் அன்பு முழுவதும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத நினைத்தேன், அதையும் சித்திதான் பார்த்துக்கொள்வார். பெரியவர்களுக்கு வைக்க வேண்டிய வணக்கத்தைக் குறையில்லாமல் வைத்து முடிக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் எழுத்தர் போன் செய்தார். பாடம் நடக்கிறதாம், ஒரே மாணவிக்கு. மேடம் துறைத்தலைவரைப் பார்த்து, சம்பளம் வேண்டாம், தானே நடத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். துறைத்தலைவர் அடுத்த வருடமும் இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று மகிழ்ச்சி தெரிவித்தாராம். நான் மேடத்தைக் கூப்பிட்டு, எதுக்கு மேடம் இப்படி என்று கேட்டேன். "பிடிச்சுத்தானே பண்றேன், விடு" என்றார். மற்ற கல்லூரிகளுக்கு ஓட வேண்டியிருப்பதால் வேறு நேரம் கிடையாது, அவர் சாப்பிடுகிற மதிய இடைவேளையில்தான் வகுப்பு. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். எத்தனை மணிக்கு வரட்டும் மேடம் என்றுதான் கேட்டேன்.