தானாகத் தண்ணீர் குடித்த முளைப்பாரி

திருவிழாக் காலத்தில் வேலை கொடுக்கப்படாத மருமகன் ஆபத்தானவன். ஊரே ஓடியாடிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு யோசனை வரும். யோசனை வந்தால் அதைச் செய்து பார்க்கக் கை அரிக்கும். அப்படி அரித்த ஒரு கையினால் தோட்டமே மூக்கைப் பொத்திக்கொண்ட கதை இது. (கை என்னுடையதுதான்.)

நான் பதுளை டவுன்காரன். கல்யாணமானதும் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மனைவி சுமதியின் வீட்டோடு குடியேறினேன். பண்டாரவளையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை. தோட்டத்து ஆட்களுக்கு நான் 'டவுன் மாப்பிள்ளை'. சுமதியின் அப்பாதான் கோயில் கமிட்டித் தலைவர். மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்தான் வேலை பிரித்துக் கொடுப்பார். ஒருவருக்குப் பந்தல், ஒருவருக்கு லைட், ஒருவருக்கு அன்னதான அடுப்பு. முழங்கால் வலிக்காரருக்குக்கூடச் செருப்புக் காவல் என்று ஒன்று இருக்கும். முதல் வருஷம் எனக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த வருஷம் வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன்.

"மாமா, எனக்கும் ஏதாச்சும் வேலை குடுங்களேன்."

"நீங்க இருங்க மாப்பிள்ளை" என்றார்.

அந்த 'இருங்க' இருக்கிறதே, அது விருந்தாளிக்குச் சொல்வது. எனக்கு விருந்தாளியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. இந்தத் தோட்டத்து ஆள் என்று ஒரு தடவையாவது என்னை அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் கட்டில் அகலத்துக்கு ஒரு செடித் தோட்டம் உண்டு. வெயில் காலத்தில் பொதுக்குழாயான பீலியில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். குடத்தை நிரப்புவதா, செடிக்கு ஊற்றுவதா என்று தினமும் சண்டை. அதற்குத்தான், கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, தானாகத் தண்ணீர் குடிக்கும் தொட்டி செய்வதைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பெயிண்ட் வாளிக்குள் இன்னொரு வாளி. கீழே தண்ணீர், மேலே மண். இரண்டுக்கும் நடுவே நான் உடுத்திக் கழித்த பழைய சாரத்தைக் கிழித்து முறுக்கிய திரி. மண் காயக் காயத் திரி தண்ணீரை மேலே இழுத்துக் கொடுக்கும். தண்ணீர் ஊற்ற ஓரத்தில் ஒரு குழாய், அளவு மிஞ்சினால் வழிந்துபோகப் பக்கத்தில் ஓர் ஓட்டை. (இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.)

இதோடு நானே தயாரித்த டானிக் ஒன்றும் உண்டு. மீன் தலையும் குடலும் வெல்லமும் போட்டு மூடிப் புளிக்க வைத்தது. அதில் ஒரு மூடி ஊற்றினால் மிளகாய்ச் செடி குதித்துக்கொண்டு வரும். பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். மாமாவும் ஒருநாள் நின்று பார்த்தார். "வாளிக்குள்ள வாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி முளைப்பாரிக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் அது பெண்கள் சமாச்சாரம். கோயிலில் காப்புக் கட்டியதும் சட்டியில் நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத மூலையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கடைசி நாள் தலையில் சுமந்துபோய் ஆற்றில் விடுவார்கள். ஆம்பிளை கை அதில் படக்கூடாது. யாருடைய முளை எவ்வளவு உயரம் என்ற பேச்சு அடுத்த திருவிழா வரைக்கும் ஓடும். முந்தின வருஷம் சுமதியுடையது கட்டையாக வந்திருந்தது. அவள் பாலர் பாடசாலை டீச்சர், பகலில் தண்ணீர் தெளிக்க வீட்டில் ஆளில்லை. அவளுடைய பாக்கியம் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, புல்லு மாதிரி அழகாத்தான் இருக்கு" என்று சொன்னதைச் சுமதி வருஷம் முழுக்க மறக்கவில்லை.

"இந்த வருசம் என் வாளியில வளர்த்துப் பாரேன்" என்றேன்.

"ஆம்பளை கை படக்கூடாதுங்க."

"என் கை எங்க படுது? நீயே மண்ணு போடு, நீயே வெத. நான் குழாய்ல தண்ணிய மட்டும் ஊத்துறேன். மிச்சத்தத் திரி பாத்துக்கும்."

"ஆத்தா ஒத்துக்குமா?"

"ஒசரமா வந்தா ஆத்தாவுக்குச் சந்தோசம்தானே."

(ஆத்தாவின் சார்பில் பேச எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.)

பெயிண்ட் கம்பனியின் பெயர் தெரியாமல் வாளியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினோம், வேப்பிலை செருகினோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முளையும் எட்டிப் பார்த்தது. ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. சுமதி வேலைக்குப் போன நேரத்தில், தண்ணீரோடு டானிக்கையும் ஊற்றினேன். ஒரு மூடி போதும்தான். அரைப் போத்தல் ஊற்றினேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. காப்புக் கட்டிய வீடு. சட்டி பானை எல்லாம் தேய்த்துக் கழுவி, நாங்கள் பருப்பும் கீரையுமாக விரதம் இருந்துகொண்டிருந்தோம். ஆனால் அந்தப் போத்தலை மாதக்கணக்கில் டானிக், டானிக் என்றே சொல்லிப் பழகியதில், உள்ளே இருப்பது மீன் என்பது என் மண்டையிலிருந்து சுத்தமாகக் கழன்றுவிட்டது. வாடை வந்திருந்தாலாவது ஞாபகம் வந்திருக்கும். குழாய்க்கு மூடி இருந்தது, ஓட்டையை மஞ்சள் துணி மறைத்திருந்தது, போதாததற்குச் சுமதி விடாமல் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். வாடை கீழ் வாளிக்குள்ளேயே காத்திருந்தது.

கடைசி நாள் பெண்கள் முளைப்பாரிகளைக் கோயிலில் இறக்கி வைத்தபோது எல்லோர் கண்ணும் சுமதியுடையதில்தான். முழங்கை உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. பாக்கியம் சித்தி வாயைத் திறக்கவில்லை. மாமா பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம மாப்பிள்ளை செஞ்ச வாளி" என்றார். 'நம்ம' என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தப்பு மேளம், பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள்.

"என்னங்க, இந்தக் கனம் கனக்குது?" என்றாள் சுமதி.

"பக்தி" என்றேன்.

கோயிலிலிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ரோடு சமதரை. அதற்கப்புறம் ஆற்றுக்கு ஒரே இறக்கம். இறக்கத்தில் வாளி சரிந்தது. ஓட்டை தன் கடமையைச் செய்தது. கெட்டுப்போன மீன் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், பட்டுச் சேலை கட்டியிருந்தவளின் பிடரி வழியாக முதுகில் இறங்கியது.

முதலில் வந்தது நாய்கள்தான். எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, தோட்டத்து நாய்கள் மொத்தமும் சுமதியின் பின்னால் வாலாட்டிக்கொண்டு நடந்தன. அப்புறம் வாடை வந்தது. சுமதிக்கு உடம்பு ஒரு தடவை உதறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"சாமி வந்திருச்சு" என்று பாக்கியம் சித்தி குரல் கொடுத்தாள். தப்பு வேகமெடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார்.

"சொல்லு தாயி, என்ன கொறை?"

சுமதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அவரக் கூப்பிடுங்க."

"யாரத் தாயி?"

"என் புருசன."

கூட்டம் விலகி வழி விட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆத்தாவே பேர் சொல்லாத குறையாகக் கூப்பிடுகிறாள், இனி இந்தத் தோட்டத்தில் என்னை யார் டவுன்காரன் என்று சொல்ல முடியும் என்று நினைத்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைக் கூப்பியபடி முன்னால் போய் நின்றேன். சுமதி கண்ணைத் திறந்தாள். அது ஆத்தாவின் பார்வை இல்லை. எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை.

"வாளியில என்ன ஊத்துனீங்க?"

"தண்ணி."

"தண்ணியோட?"

"டானிக்."

"டானிக்குல என்ன?"

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தப்பு நின்றுவிட்டது. தோட்டமே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"மீனு" என்றேன். யாரும் கேட்காமலே, "தலையும் குடலும்" என்று சேர்த்துச் சொன்னேன்.

ஒரு நாய் சுமதியின் குதிகாலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா எதிர்மலையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் 'நம்ம' என்றிருந்தார். அதை நானே ஊற்றிக் கெடுத்துவிட்டேன்.

பூசாரி வேப்பிலையால் மூக்கை மறைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "ஆத்துலதான விடப்போறோம்" என்றார். "அங்க இருக்கிறதும் மீனுதான். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நடங்க."

முதலில் சிரித்தது பாக்கியம் சித்தி. அப்புறம் தப்படிக்கிறவர்கள். அப்புறம் எல்லோரும். சுமதி மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றில் வாளியோடு தானும் இறங்கி, மஞ்சள் தேய்த்துத் தலைமுழுகிவிட்டுத்தான் கரையேறினாள். என்னோடு பேச அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. (அந்த மாதத்திலேயே பாக்கியம் சித்தி யாருக்கும் தெரியாமல் வந்து, தன் மிளகாய்ச் செடிக்கு அரைப் போத்தல் டானிக் வாங்கிப் போனாள்.)

மறுவருஷம் கமிட்டிக் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் பதுங்கி உட்கார்ந்திருந்தேன். மாமா பந்தல், லைட், அடுப்பு, செருப்பு என்று எல்லாம் சொல்லி முடித்தார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்து, "நாய் வெரட்ட மாப்பிள்ளை" என்றார். கொய்யாக் கம்பு ஒன்றையும் அவரே வெட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வருஷா வருஷம் அது என் வேலை. முளைப்பாரி பழையபடி மண்சட்டிக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் பெண்கள் சட்டியின் அடியை ஒரு தடவை மோந்து பார்ப்பார்கள். மாமாவும் குனிந்து மோந்து பார்ப்பார். போன திருவிழாவில் மடுல்சீமையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணும் பயபக்தியோடு மோந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் பாக்கியம் சித்தியிடம் கேட்டாள்.

"எங்க தோட்டத்துல இந்த மொறை இல்லீங்களே. இது யாரு ஏற்படுத்துனது?"

சித்தி ரோட்டோரத்தில் கம்போடு நின்ற என்னைக் கைகாட்டினாள்.

"அந்தா நிக்கிறாரு பாரு, எங்க மாப்பிள்ளை."