ஆணாக வேண்டிய கொடிக்குப் பன்னீர்

செய்முறை தெரியாதவன் பிழை விட்டால் ஒரு பிழையோடு போய்விடும். செய்முறையை எழுதியவனே பிழை விட்டால் அது தேதி, வரிசை எண், கையெழுத்தோடு நடக்கும். நான் இரண்டாம் வகை. மெல்பேர்ணில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவன். கை கழுவுவதற்கு ஒன்பது படிகளில் அறிவுறுத்தல் எழுதிச் சுவரில் ஒட்டியவன். (எட்டாவது படி: குழாயை மூடவும்.)

என்னைக் கவிழ்த்தது தும்பங்காய். தமிழ்நாட்டில் பழுபாகல் என்பார்கள். பாகற்காயின் சொந்தம்தான், உருண்டையாக, மேலெல்லாம் மெத்தென்ற முள்ளோடு, கசப்பு குறைவாக இருக்கும். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. புறநகர் வெரிபீயில் இருக்கும் மனோன்மணி அக்காவிடம் ஒரு கொடி இருந்தது. அது இந்த நாட்டுக்குள் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம். அதிலிருந்து கிழங்கு பிரித்து அக்கா தெரிந்த வீட்டுக்கெல்லாம் கொடுத்தார். தாய் பெண் என்பதால் பிரிந்ததும் எல்லாம் பெண். ஐந்து வருடம் அத்தனை வீட்டிலும் மஞ்சளாகப் பூத்தது, உதிர்ந்தது. ஒருவர் வாயிலும் ஒரு காய் விழவில்லை.

பிறகு ஒரு ஈரமான குளிர்காலம் வந்து கிட்டத்தட்ட எல்லாக் கிழங்கையும் அழுக வைத்தது. எஞ்சிய ஒன்றை அக்கா ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணோடு கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"தம்பி, இது ஒண்டுதான் மிச்சம். நீர் படிச்ச மனுசன். எப்பிடியாவது விதை எடுத்துத் தாரும். இதுவும் செத்துதெண்டால் பிறகு இந்தச் சாமான் இஞ்சை இல்லை."

"அக்கா, பயப்பிடாதேங்கோ. இதுக்கு ஒரு முறை இருக்கு" என்றேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான அவமானங்கள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.)

முறை உண்மையிலேயே இருந்தது. பெண் கொடியின் ஒரு கிளைக்கு வெள்ளி உப்புக் கரைசலைத் தெளித்தால் அந்தக் கிளை ஆண் பூப் பூக்கும். அந்த மகரந்தத்தை மற்றக் கிளையின் பூவில் தடவினால் விதை. வெள்ளி நைத்திரேற்றும் ஊதா வெளிச்சம் தரும் விளக்கும் தேடி, ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த, மண்ணில்லாமல் செடி வளர்க்கும் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்து வரை பச்சை குத்தியிருந்தார். வெள்ளி உப்பு என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை பெண் வைத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றுதான். மெல்பேர்ணிலேயே ஒன்றுதான்."

அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. "எப்படிப் பாவிப்பீர்கள்?"

"மனைவி தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பாள்."

அவர் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களும் இதே மருந்தைத்தான் வாங்குகிறார்கள் என்றும், அவர்கள் ஆணாக்குவது கஞ்சாச் செடியை என்றும் வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடியபோதுதான் விளங்கியது. நெற்றியில் திருநீற்றோடு போயிருந்தேன்.

கராஜுக்குள் கூடாரம் அடித்து, விளக்கு போட்டு, கொடியை ஏற்றினேன். வெள்ளிக் கரைசல் வெளிச்சம் படாமல் குளிராக இருக்க வேண்டும். ஆகவே மனைவி சறோஜா வாங்கிவந்த பழுப்பு நிறத் தெளிப்புப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். எங்கள் ஆய்வுகூட விதிப்படி போத்தலில் எண் மட்டும். உள்ளே என்ன என்பது பதிவேட்டில். முதல் இரண்டு கலவையும் சரிவராததால் இது மூன்று. அதே தட்டில் அதே மாதிரிப் போத்தலில் சறோஜாவின் பன்னீர் இருந்தது. ஒரு பெட்டிக்குள் எண்ணில்லாத போத்தல் இருப்பது ஒழுங்கீனம் அல்லவா? அதற்கும் எண் போட்டேன். நாலு.

எடுக்கும்போது பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவனுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம்.

மூன்று நாளுக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை, நாலாம் போத்தலால் கொடிக்குத் தெளித்தேன். பெயிண்ட் வாடையில் முப்பது வருடம் இருந்த என் மூக்கு எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. இருந்தும் ஏதோ மணத்தது. பதிவேட்டில் எழுதினேன்: 'இலைகளில் மெல்லிய நறுமணம். வெள்ளியின் விளைவாக இருக்கலாம்.'

சறோஜா கராஜ் கதவைத் திறந்து பார்த்தாள். "என்னப்பா, உள்ளுக்கை கலியாண வீட்டு மணம் மணக்குது?"

"அது தாவரத்தின்ரை எதிர்வினை. உமக்கு விளங்காது."

"ஓம், எனக்கு என்னத்தை விளங்கும்" என்று போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனோன்மணி அக்காவின் மகன் ரமணனுக்கு ட்ருகனினாவில் புது வீடு குடிபூரல். பன்னீர் எங்கள் பொறுப்பு. சறோஜா குசினியிலிருந்து கூப்பிட்டாள்: "இஞ்சேருங்கோ, பன்னீர் மூண்டோ நாலோ?"

"மூண்டு!" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

வாசலில் ரமணனின் மைத்துனி ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் தெளிப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. போத்தலை வாங்கி நானே நின்றேன். ஆளுக்கு மூன்று தெளிப்பு: தலைக்கு மேல் ஒன்று, இரண்டு தோளுக்கும் ஒவ்வொன்று. மொட்டைத் தலைகளுக்குப் பரப்பளவு கருதி ஒன்று கூட. "மணமே இல்லையே அண்ணை" என்றார் ஒருவர். "இப்ப வாற பன்னீர் தரமில்லை" என்று நான்தான் பதில் சொன்னேன். பிறகு எல்லோரும் பின்வளவில், நல்ல வெயிலில், கதிரை போட்டுச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை என் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்திருந்தன. வெள்ளி உப்புப் பட்ட தோல் வெயிலில் கறுக்கும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். பதிவேட்டைத் திறந்தேன். மூன்று வெள்ளி, நாலு பன்னீர் என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

சறோஜா தொலைபேசியோடு வந்தாள். அவள் கன்னத்தில் மிளகு தூவியது போல் புள்ளி. "வந்த ஆக்களுக்கெல்லாம் முகத்திலை கறுப்பாம். ரமணன்ரை மனுசி வீட்டிலை தோஷமெண்டு அழுறாளாம். ஐயரைத் திருப்பிக் கூப்பிடப் போயினமாம்."

என் விரலைக் காட்டினேன். அவள் விரலைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். "வெளிக்கிடுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

போகுமுன் நஞ்சு பற்றி விசாரிக்கும் இலக்கத்துக்கு அழைத்தேன். இவ்வளவு தண்ணீர் கலந்த, ஐதான கரைசல் என்றால் பயமில்லை, ஆனால் யாருக்காவது கண் எரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார்கள். எத்தனை பேர் என்று கேட்டபோது "ஏறக்குறைய நாற்பது" என்றேன். மறுமுனையில் எண்ணைத் திருப்பிக் கேட்டார்கள்.

ரமணன் வீட்டு வரவேற்பறையில் புள்ளி போட்ட முகங்கள் வரிசையாக இருந்தன. யாருக்கும் கண் எரியவில்லை. மேல்தோல் உரியும்போது புள்ளியும் போய்விடும், இரண்டு கிழமை பொறுங்கள் என்று நின்றபடி விளக்கினேன். தோஷமெல்லாம் என்னுடையது, வீட்டினது அல்ல என்றும் சொன்னேன். ரமணனின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு அழுகையே பரவாயில்லை.

"கொடியை ஆணாக்கிற மருந்தோ?" என்றார் மனோன்மணி அக்கா. நெற்றியில் குங்குமத்தைச் சுற்றி ஐந்தாறு புள்ளி. "அப்ப எனக்கு மீசை முளைச்சால் நீர்தான் வந்து வழிக்க வேணும்."

"அப்பிடி ஒண்டும் வராது அக்கா."

"சரி, இந்த முகத்தை இனி ஆர் பாக்கப் போயினம்." திடீரென்று நிமிர்ந்தார். "தம்பி, அப்ப கொடிக்கு என்னத்தை அடிச்சனீர்?"

"பன்னீர், அக்கா."

"எத்தினை தரம்?"

"அஞ்சு தரம்."

"சந்தனமும் பூசினனீரோ?"

அறை முழுவதும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புள்ளிகள் போய்விடும், கொடி போனால் போனதுதான். வாங்கிய உப்பை மூன்று கலவைக்கே தீர்த்திருந்தேன், கடையிலும் முடிந்திருந்தது. மறுபடி வர மூன்று கிழமையாகும், அதற்குப் பிறகு தெளித்தால் காய் பழுக்குமுன் குளிர் தொடங்கி இலை விழுந்துவிடும்.

சறோஜாதான் கைப்பையிலிருந்து மூன்றாம் போத்தலை எடுத்தாள். நாற்பது பேருக்குப் போக, அடியில் ஒரு விரல் உயரம் மிச்சம் இருந்தது.

அக்கா என் கராஜுக்கே வந்து கதிரை போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் போத்தலை எடுக்கும்போது "பதிவேட்டைப் பாத்தனீரோ?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்ற பிறகே அழுத்த விட்டார். ஒரே ஒரு கிளைக்குத்தான் மருந்து போதுமாக இருந்தது. நாலாம் கிழமை அந்தக் கிளையில், பிஞ்சு இல்லாத காம்போடு இரண்டு பூ விரிந்தன. ஆண். சறோஜாவின் கண்மை பூசும் தூரிகையால் மகரந்தத்தை எடுத்துத் தடவினேன். ஒரு காய் பிடித்தது. பழுத்துச் செம்மஞ்சளாக வெடித்தபோது உள்ளே பதினொரு விதை. மருந்து பட்ட கொடி என்பதால் தின்ன வேண்டாம் என்றேன். அக்கா மோந்து மட்டும் பார்த்தார்.

ஒரு விஷயத்தை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெண் என்பதால் அந்த விதைகளில் வருவதும் எல்லாம் பெண். விதை வேண்டுமென்றால் மறுபடியும் மருந்து தெளிக்க வேண்டும்.

"அப்ப வருசா வருசம் இந்தக் கூத்தோ?" என்றார் அக்கா.

இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் என்னைக் கண்டதும் பன்னீர்ச் செம்பு ஒளிந்துகொள்கிறது. மொட்டைத் தலைகள் கைலேஞ்சித் துணியால் மூடிக்கொள்கின்றன. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் எண்கள் இல்லை. சறோஜாவின் கையெழுத்தில் 'மனுசருக்கு', 'கொடிக்கு' என்று இருக்கிறது.

விதைகளை மனோன்மணி அக்கா சின்னச் சின்னக் கடித உறைகளில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார். ஒவ்வொரு உறையிலும் மூன்று வரி எழுதியிருந்தார், கோயில் துண்டுப்பிரசுரம் போல:

தாய்: என்ரை கொடி.
தகப்பன்: என்ரை கொடி.
பன்னீர் உபயம்: தம்பி.