பெரட்டுக்களத்துக் குறைப்பெட்டி

திங்கட்கிழமை காலை புதுத் துரை பெட்டியைத் திறந்து பார்த்தார். காலி.

"முந்நூறு பேர் வேலை செய்யிற தேயிலைத் தோட்டம். ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டார். "ஆளுங்க யாருக்கோ பயப்படுறாங்க, கிளாக்கர்."

பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பழைய வெள்ளைக்காரத் துரை இருபது வருஷம் யாரிடமும் குறை கேட்டவரில்லை. அவர் கப்பலேறிய மறுவாரமே கொழும்பிலிருந்து இவர் வந்தார். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இந்தப் பெட்டியை மாட்டினார். "பேர் போட வேணாம், மனசுல உள்ளதை எழுதுங்க" என்றார்.

யாரைக் கண்டு பயம் என்று துரை விசாரித்தால் முதலில் உருளப்போவது தன் தலைதான் என்பது கணேசமூர்த்திக்குத் தெரியும்.

அன்றே இடதுகையால் ஒரு சீட்டு எழுதிப் போட்டார்: 'பெரட்டு மணிச் சத்தம் பத்தவில்லை.' யாரையும் நோகடிக்காத குறை.

மறுநாள் துரை படபடவென்று வந்தார்.

"ஆளுங்க குடியிருக்கிற லயத்துக் கூரையெல்லாம் ஒழுகுதாமே! ஏன் சொல்லல? இந்த வாரமே தகரம் மாத்துங்க!"

மணிக்கும் தகரத்துக்கும் என்ன சம்பந்தம்? கணேசமூர்த்தி குழம்பினார். வேறு யாரோ எழுதியிருப்பார்கள் என்று எண்ணி, அதை அமுக்க இன்னொரு சீட்டுப் போட்டார்: 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.'

துரையின் முகம் சிவந்துவிட்டது. "பிள்ளைக் காம்பராவுல குழந்தைங்களுக்குப் பால் இல்லையாமே!"

பாலும் வந்தது. கடைசி முயற்சியாக எழுதினார்: 'பெரிய கிளாக்கர் தங்கமான மனுசன்.'

"கிளாக்கர்," என்றார் துரை, "இனிமே பொம்பளைங்களை 'ஏய்'னு கூப்பிடக் கூடாது. ஆபீசுக்கு வர்றவங்களை பெஞ்சில உக்கார வச்சுப் பேசணும்."

முதலில் வந்து உட்கார்ந்தவள் கொழுந்தெடுக்கும் வேலாயி.

"ஏ... வாங்கம்மா. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லீங்க கிளாக்கரய்யா. சும்மா உக்காந்து பாக்கலாம்னு வந்தேன்."

அவளுக்குப் பின்னால் பதினொரு பேர் காத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

பொறுக்க முடியாமல் கணேசமூர்த்தி துரை பங்களாவுக்கு ஓடினார். பின்கட்டில் சமையல்காரர் சூசைரட்ணம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"சூசை, துரைகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். அந்தப் பெட்டியில சீட்டுப் போட்டதெல்லாம் நான்தான். ஆனா நான் ஒண்ணு எழுதினா அவரு ஒண்ணு செய்யிறாருப்பா!"

சூசைரட்ணம் கத்தியைக் கீழே வைத்தார்.

"துரைக்குத் தமிழ் பேசத்தாங்க வரும். வாசிச்சுச் சொல்றது நான்தான். சீட்டுல என்ன இருந்தா என்னங்க, லயத்துல என்ன இல்லேன்னு எனக்குத் தெரியாதா?"