திரைக்குப் பின்னால் ஒரு நோயாளி

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து மெர்லிமாவ் கடைவரிசையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஹரிதாஸுக்கு உலகத்தில் இரண்டே ஆசை. ஒன்று, கைப்பேசியில் புதுசு புதுசாக வரும் மருத்துவ ஆப். மற்றது, தேங்காய்ப்பாலில் மலாக்கா வெல்லப்பாகு வழிய வழிய ஊற்றிய செண்டோல் என்கிற குளிர் இனிப்பு. இரண்டாவதுக்கு இரண்டு வருசமாகத் தடை. போட்டவள் மனைவி விஜயராணி. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். காலையில் டாக்டரின் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அவள்தான்.

அந்தச் சனிக்கிழமையும் குத்தினாள். ஒன்பது புள்ளி எட்டு, அளவுக்கு மேல்.

"குத்துற காலமெல்லாம் மலையேறிப் போச்சு ராணி! இங்க பாரு." டாக்டர் புதுசாக இறக்கிய சர்க்கரை ஆப்பைத் திறந்து, கைப்பேசிக் கேமராவின் மேல் விரலை வைத்தார். பத்தே வினாடி. ஐந்து புள்ளி ஆறு. "நார்மல்! மத்தியானம் செண்டோல் குடிக்கிறேன். திங்கட்கிழமையிலேருந்து பேஷண்டுங்களுக்கும் இதுதான்."

"என்னங்க, மருத்துவக் கருவின்னா அரசாங்கத்துல பதிவு இருக்கணுமே. இதுக்கு இருக்கா?"

"ஃபோன்ல இருக்கிற ஆப்புக்குப் பதிவா? அப்புறம் அதுக்கு ஐசி, அடையாள அட்டையெல்லாம் எடுக்கச் சொல்லுவ போல!"

"குத்துற மெஷினுக்குப் பதிவு கேக்குறாங்க. பிரஷர் மெஷினுக்குக் கேக்குறாங்க. இது மட்டும் என்ன, வீட்டு மாப்பிள்ளையா?"

"நான் டாக்டர்லா! எனக்குத் தெரியாதா?"

"சரி, டாக்டராவே சொல்லுங்க. திரைக்குப் பின்னால ஒரு பேஷண்ட வைக்கிறேன். எட்டிப் பாக்கக் கூடாது. ஆப் காட்டுற நம்பரை வச்சு நீங்க சொல்றது சரியா இருந்தா தினமும் செண்டோல். தப்பா இருந்தா ஆப்பைத் தூக்கிடணும்."

ஹரிதாஸின் நாக்கில் அப்போதே தேங்காய்ப்பால் ஓடியது. ஃபோனைக் கொடுத்தார். மருந்து அலமாரி திறந்து மூடியது. திரை ஆடியது.

"அஞ்சு புள்ளி ஆறுங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வயசு?"

"ரொம்பச் சின்ன வயசுங்க."

"உடம்பு?"

"கறுப்பா, கட்டையா, கும்முனு இருக்கும்."

"ஊரு?"

"அசல் மலாக்கா."

"பரம்பரையில சர்க்கரை உண்டா?"

"பரம்பரையே அதுதாங்க."

"பாத்தியா! பரம்பரையையே ஜெயிச்ச உடம்பு! இந்தப் பேஷண்டுக்குச் சர்க்கரைங்கிற பேச்சுக்கே இடமில்ல. எழுது."

எழுதி நீட்டினாள். கையெழுத்தும் போட்டார். அதற்குப் பிறகுதான் திரையை விலக்கினாள்.

கட்டிலில் ஃபோன். ஃபோனின் மேல், குத்துக்கல்லாட்டம், ஒரு மலாக்கா வெல்லக் கட்டி. விடியற்காலையில் பசார் சந்தையில் அவரே வாங்கி, அலமாரியில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த அதே கட்டி.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"உங்களைக் கட்டி இருபத்தாறு வருசம் ஆச்சுங்க."

மத்தியானம் அந்தக் கட்டியைக் காய்ச்சி, விஜயராணி செண்டோலில் ஊற்றிக்கொண்டாள். "சர்க்கரையே இல்லன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு, பயப்படாம சாப்பிடலாம்லா?" என்றாள். காலையில் குத்திய அவர் விரலைப் பிடித்து ஊதிவிட்டாள். அதே கையில் பாகற்காய்ச் சாற்றையும் கொடுத்தாள்.

அவள் திரும்பியதும், ஆப்பை அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நப்பாசை. ஹரிதாஸ் டம்ளரைத் தூக்கிக் கேமராவின் மேல் வைத்துப் பார்த்தார்.

ஐந்து புள்ளி ஆறு.