பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம்?

என் முன்பற்கள் இரண்டு போனதற்கு நேர்லைட்டுதான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் நேராகப் போவதற்கும் இண்டிகேட்டர் போட்ட ஒரே மனிதர் அவர்.

எங்கள் பைப் கம்பெனியில் அவர் எலெக்ட்ரீஷியன், நான் ஃபிட்டர். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வண்டி இருபது வருஷத்துப் பழசு. வாங்கும்போதே நான்கு இண்டிகேட்டரில் இரண்டைக் காணோம். மீதி இரண்டும் கழுத்து முறிந்து தொங்கின. வேறு யாராவது என்றால் கடையில் அதே சைஸில் வாங்கி மாட்டியிருப்பார்கள். இவர் லாரி விளக்குகளை மாட்டினார். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். அதைப் போட்டால் ஹாரன் ஊமையாகிவிடும். பேட்டரி தாங்கவில்லை என்று எல்.இ.டி.க்கு மாற்றினார். அது விளக்கை மின்னவைக்கும் பழைய ஃப்ளாஷருக்கு ஒத்துவராமல் வெறி பிடித்ததுபோல் படபடவென்று மின்னியது. ஆடி மாதம் பெரியபாளையம் ரோட்டில் ஒரு அம்மாள் வண்டியை நிறுத்திக் கற்பூரம் காட்டினாள். இவரும் இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? ஒருநாள் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"லெஃப்டுல திரும்புறவன் சொல்றான். ரைட்டுல திரும்புறவன் சொல்றான். நேரா போறவன் மட்டும் இன்னாத்துக்குடா வாய மூடிக்கினு போறான்?"

"நேரா போறதுல சொல்றதுக்கு இன்னாண்ணா கீது?"

"அப்ப திரும்புறவனுக்குத்தான் மரியாதியா? ஒழுங்கா போறவனுக்கு ஒரு லைட்டு இல்லியா இந்த நாட்டுல?"

மறுநாள் அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு முளைத்திருந்தது. அன்றிலிருந்து அவர் நேர்லைட்டு.

ஒருமுறை போலீஸ்காரர் ஒருவர் மடக்கினார். "இன்னாய்யா இது?"

"நேரா போறதுக்கு சார்."

போலீஸ்காரர் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். "நேரா போனதுக்கு எந்த செக்‌ஷன்ல எழுதுறது? போய்த் தொல."

ஹைவேயில் லாரிக்காரர்களுக்குத் தனி பாஷை உண்டு. முன்னால் போகிற வண்டி விளக்கைக் காட்டினால், "நீ முந்திப் போ" என்று அர்த்தம். பச்சையைப் பார்த்த லாரியெல்லாம் நேர்லைட்டை முந்திக்கொண்டு, நன்றிக்கு இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போயின. தன் கண்டுபிடிப்பை மெச்சுகிறார்கள் என்று இவர் கையாட்டுவார். "அது வழி விடுற லைட்டுண்ணா" என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்தது எனக்குப் பெண் பார்க்கப் போக வேண்டிய வாரம். வேலைக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் நேர்லைட்டு. பச்சை எரிந்தது. கூடவே வலது இண்டிகேட்டரும் எரிந்தது. நான் பச்சையை நம்பி வலது பக்கமாக முந்தினேன். அவர் வலது பக்கம் இருந்த டீக்கடைக்குத் திரும்பினார். நான் பள்ளத்தில் கிடந்தேன்.

"ரெண்டு லைட்டும் எரிஞ்சா எதண்ணா நம்புறது?"

"ரெண்டையும் நம்பு. நேரா போயி ரைட்டுல திரும்புறேன்னு அர்த்தம். பல்லு எங்கடா?"

ஊத்துக்கோட்டையில் பெண் வீடு. பெண்ணின் அப்பா லாரி டிரைவர். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேசரி வந்தது. திறக்க வேண்டியதாயிற்று. தட்டை வைத்த பெண் என் வாயைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

"குடிச்சிட்டு உழுந்தியா?"

"இல்ல மாமா."

"இன்னும் மாமா ஆவல. சொல்லு."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். குடிகாரன் உளறலைக் கேட்பதுபோல் கேட்டார். "நேரா போறதுக்கு எவன்யா லைட்டு போடுவான்?"

துணைக்கு வந்திருந்த நேர்லைட்டு எழுந்தார். "நான்தான்."

எல்லோரும் தெருவுக்கு வந்தோம். நேர்லைட்டு சுவிட்சைப் போட்டார். பச்சை எரிந்தது. பெண்ணின் அப்பா முகமே மாறிவிட்டது.

"அட நைனா, நீதானா அது? ஆரம்பாக்கத்துலேர்ந்து கவரப்பேட்ட வரிக்கும் எனுக்கு வழி உட்ற ஒரே பைக்கு இதுதான்யா."

"அது வழி உட்ற லைட்டு இல்ல" என்று ஆரம்பித்தார் நேர்லைட்டு.

"இரு. வழி உட்ற லைட்டுன்னா பையன் மேல தப்பு இல்ல. நம்பி முந்தினான். நேரா போற லைட்டுன்னா, ரைட்டு சிக்னல் எரியறப்போ ரைட்டுலயே ஏறுனவன் குடிகாரன்தான். எது? ஒண்ணு சொல்லு."

தெருவே காத்திருந்தது. நேர்லைட்டு விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"வழி உட்றதுதான்" என்றார். சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தார். அன்று ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பச்சை இல்லாமலே வண்டி ஓட்டினார்.

எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருஷமாகிறது. பல் கட்டிக்கொள்கிறேன் என்றால் மனைவி வேண்டாம் என்கிறாள். போன வருஷம் நேர்லைட்டு ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்விட்டார், வண்டியோடுதான். இப்போதெல்லாம் ஹைவேயில் ஒருத்தனும் வழி விடுவதில்லை என்று மாமனார் தினம் திட்டுகிறார். எனக்கும் கேண்டீனில் சண்டை போட ஆளில்லை.

நேர்லைட்டு அண்ணா, உங்களை நேராகவே கேட்கிறேன். ஊர் படிக்கிற இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள். அந்தப் பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம்? நேராகப் போகிறேன் என்றுதானே? அப்படியே எழுதுங்கள். மாமனாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.