இடது பக்கக் கட்டில்

அப்பா இடுக்கியை உயர்த்திச் சபதம் செய்தார். அடுப்பில் வெந்துகொண்டிருந்த தொத்திறைச்சிதான் சாட்சி.

"வர்ற ஜூலை, குடும்பத்தோட வடக்குக் கோடி, கேப் யார்க்! கைப்பிடியைச் சுத்தினா கூரை எழும்புமே, வண்டிக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற அந்த கேம்பர் ஒண்ணு வாங்கறோம். தார் ரோடே கிடையாது. செம்மண்ணு, ஆறு, முதலை!"

அம்மா தக்காளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கக்கூஸ்?"

"மண்வெட்டி."

"அடுப்பு?"

"வெளியில. காத்தாட சமைக்கலாம்."

"ம்," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

நான் டாலியா. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். ஆகஸ்டில் மவுண்ட் ஐசா சுரங்கத்துக்கு மெக்கானிக் பயிற்சிக்குப் போகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை கிடையாது. அப்பாவுக்குக் குடும்பத்தோடு போகிற எண்ணமே இல்லை. அவருக்குத் தன் கூட்டாளி ரஸ்ஸோடு போய் பாராமுண்டி மீன் பிடிக்க வேண்டும். அதை அம்மாவிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை.

அப்பா என்னை ஷெட்டுக்குள் இழுத்துப் போய்க் காதில் ஓதினார்.

"வண்டியைப் பாத்ததும் உங்கம்மாவே 'நான் வரல, நீ போ'ன்னு சொல்லணும். நீ கூட நின்னு மூஞ்சியைச் சுளி. போதும்."

"எனக்கென்ன கிடைக்கும்?"

"என் பழைய யூட் வண்டி."

பின்னால் இருக்கிற திறந்த தட்டில் தூண்டில் சாமான் அள்ளிப் போட்டுத் திரிகிற வண்டி அது. மீன் நாற்றம் அடிக்கும். ஆனால் ஓடும். நான் விலை போய்விட்டேன்.

மக்கேயில் கேம்பர் விற்கிறவரின் முற்றத்துக்குப் போனோம். அப்பா இருப்பதிலேயே முரட்டு வண்டியாகப் பார்த்துக் காட்டினார். அம்மா கைப்பிடியை வாங்கித் தானே சுற்றினாள். கூரை எழுந்தது. கட்டில்கள் இழுப்பறை மாதிரி இரண்டு பக்கமும் நீண்டன. நடுவில் வலையும் கித்தானும்.

"ஐயே, பூச்சி வரும்," என்றேன். எனக்கு நடிக்க வராது.

"அழகா இருக்கே," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு வியர்த்தது. "தூசி உள்ள வரும் கோரல். சோத்துல, தலையணையில, எல்லாத்துலயும்."

"துடைச்சா போச்சு."

அப்போது விற்பனைக்காரர் சிரித்தபடி வந்தார். "நெவில்! ரஸ் வரலையா? போன வாரம் படுத்துப் பாத்துட்டு, இடது பக்கக் கட்டில் தனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரே?"

அப்பா டயரைக் குனிந்து பார்த்தார். டயரில் ஒன்றுமில்லை. அம்மா ஏறி, இடது பக்கக் கட்டிலில் நீட்டிப் படுத்தாள். வலை வழியாகக் காற்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா கடைசி அம்பை விட்டார். "அவ்ளோ தூரம் நீயும் மாத்தி மாத்தி ஓட்டணும். எங்க, இதை நம்ம வண்டியில மாட்டி ரிவர்ஸ் எடுத்து அந்த ரெண்டு கேரவனுக்கு நடுவுல விடு பாப்போம்."

அம்மா இறங்கி, கூரையை இறக்கிவிட்டுச் சாவியை வாங்கினாள். கண்ணாடியைச் சரி செய்தாள். ஒரே வீச்சு. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வண்டி உள்ளே போய் நின்றது.

"எங்க கத்துக்கிட்ட?"

"நீ படகுல நின்னுக்கிட்டு 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு கத்துவியே, அங்க."

சனிக்கிழமை தவறாமல் படகுத்துறைச் சரிவில் டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி இறக்குவது அம்மா. படகு மிதந்ததும் அப்பாவும் ரஸ்ஸும் கிளம்பிவிடுவார்கள். வண்டியை மேலே ஏற்றி நிறுத்துவதும் அம்மா. சாயங்காலம் மறுபடி இறக்கி அவர்களை ஏற்றிக்கொள்வதும் அவள்தான். நடுவில் வண்டியிலேயே உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுவாள். அவளுக்கு அது பிடிக்கும் என்றே நினைத்திருந்தோம். நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்தச் சரிவில் இறக்கிவிடப்பட்டவர்கள் எல்லாரும் எங்கேயோ போனார்கள். ஆகஸ்டில் நானும் போகிறேன். இதுவரை எனக்கு அது உறைக்கவில்லை.

"இதையே எடுத்துக்கலாம்," என்றாள் அம்மா. "ஜூலைல நானும் டாலியாவும் போறோம். அவ வேலைக்குப் போறதுக்குள்ள."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் ரஸ் இருக்கானே."

ஜூலையில் கிளம்பும்போது அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "நம்ம திட்டம் புட்டுக்கிச்சு. இருந்தாலும் யூட் உனக்குத்தான்டி. நீ திரும்பி வர்ற வரைக்கும் படகை இழுக்க என்கிட்ட இருக்கட்டும்." கண் கலங்கியிருந்தது. கேம்பருக்காகவா எனக்காகவா என்று கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை, வழியில் குக்டவுனுக்கு இந்தப் பக்கம் ஒரு முகாம். புதிதாக வருகிறவர்கள் டிரெய்லரைப் பின்னெடுக்கத் திண்டாடும் கூத்தைப் பார்க்க, பக்கத்து ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு பீரோடு காத்திருந்தார்கள். அம்மா ஒரே வீச்சில் நிறுத்தினாள். ஏமாந்துபோய் நாற்காலிகளை மறுபடி திருப்பிக்கொண்டார்கள்.

போன் அடித்தது. அப்பா. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோரல், ஒரு சின்ன விஷயம். நானும் ரஸ்ஸும் படகுல இருக்கோம்."

"சந்தோஷம்."

"ரெண்டு பேருமே இருக்கோம். பழக்கதோஷத்துல ஏறிட்டோம். யூட் இன்னும் சரிவுலயே நிக்குது. கடல் தண்ணி ஏறிட்டு இருக்கு."

"எது வரைக்கும்?"

"...ஸ்டியரிங்."

அம்மா போனை வைத்தாள். கேம்பரின் கைப்பிடியை என்னிடம் நீட்டினாள்.

"சுத்துடி. உன் யூட்டை நெனச்சுக்கிட்டே சுத்து."